பாதியில் நிற்கிற வீட்டுக்கு இன்னும் 4 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. கைக்கு 46,000 வருகிறது. வீட்டில் சம்சாரம் தையல் வேலை பார்க்கிறார், அதில் மாதம் 14,000 வருமுங்க. வெள்ளகோவில் பக்கம் அப்பா 1993-ல் கட்டிய தார்சு (கான்கிரீட் தளம் போட்ட) வீட்டில் இருக்கிறோம். இன்ஜினியருக்குக் கொடுக்கிற காசு மிச்சமாகட்டும் என்று மச்சானும் நானும் யூடியூப் பார்த்து, ஊர்க் கொத்தனாரை நாள் கூலிக்கு வைத்து நாங்களே வேலையை ஆரம்பித்தோம். ஆசாரத்துக்கும் (முன் கூடம்) பக்கத்து ரூமுக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்து ஒரே ஹாலாக்கினோம். மேலே ரெண்டு ரூமும் ஒரு பாத்ரூமும் கட்டினோம். தைக்குள் முடிக்கணும் என்று அவசரம் வேறு. 6 லட்சத்தில் முடியும் என்று நினைத்தது 9.4 லட்சம் ஆகிவிட்டது. இதில் சேமிப்பு 3 லட்சம், பர்சனல் லோன் 2.5 லட்சம் (மாதம் 8,500 கட்டுகிறேன்), அடகுக் கடையில் ஒன்றரை வட்டிக்கு நகை வைத்தது 2.4 லட்சம், ஹார்டுவேர் கடை பாக்கி 1.5 லட்சம்.

இப்போது சுவர் இருந்த இடத்துக்கு நேர் மேலே தளத்தில் கீறல் விட்டிருக்கிறது. மேல் பாத்ரூம் தண்ணீர் சமையலறையில் சொட்டுகிறது. மாடிப்படி ஏறினால் தலை இடிக்கிறது. இன்னும் 4 லட்சம் இருந்தால் எல்லாவற்றையும் சரிபண்ணித் தருவதாகக் கொத்தனார் சொல்கிறார். மீதி இருக்கிற 10 பவுனை வைப்பதா, பி.எஃப். எடுப்பதா, பத்திரத்தை வைத்து பேங்கில் வாங்குவதா? ஊரில் ஒருத்தர் ரெண்டு வட்டிக்கு 5 லட்சம் தருகிறேன் என்கிறார். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், அவள் படிப்புக்கு 3 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. மாதம் 10,000 வீதம் 2 லட்ச ரூபாய்ச் சீட்டு ஒன்று ஓடுகிறது, இன்னும் எடுக்கவில்லை, ஆறு மாதம் பாக்கி. வீட்டுச் செலவு 32,000. வீடு அப்பா பெயரில்தான் இருக்கிறது. தங்கச்சியைத் தாராபுரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். என்ன செய்யலாமுங்க?

பதில்: கடனை எங்கே வாங்குவது என்பது அடுத்த வாரக் கேள்வி. இன்று ராத்திரியிலிருந்து அந்த ஹாலில் யாரும் படுக்க வேண்டாம். மேல் ரூமில் பீரோ, கட்டில், மீதி டைல்ஸ் பெட்டி என்று எது இருந்தாலும் இறக்கிவிடுங்கள். சென்ட்ரிங்காரரிடம் இரும்பு ஜாக்கி வாடகைக்குக் கிடைக்கும். நாளைக்கே இன்ஜினியர் ஒருவரை நேரில் வரவழைத்து, அவர் காட்டும் இடங்களில் முட்டுக் கொடுங்கள். சமையலறையில் சொட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஸ்விட்ச் போர்டோ லைட்டோ இருந்தால் அந்த லைனை மெயினிலேயே அணைத்து வையுங்கள். இதற்கெல்லாம் ஆகும் செலவு உங்கள் மொத்தக் கணக்கில் ரொம்பச் சின்னது.

ஏன் இப்படி அவசரப்படுத்துகிறேன் என்றால், 1990-களில் நம் பக்கம் கட்டிய தார்சு வீடுகளில் பெரும்பாலானவற்றில் பில்லர் கிடையாது. செங்கல் சுவர்தான் தளத்தைத் தாங்கும். நீங்கள் எடுத்தது தடுப்புச் சுவர் இல்லை, தாங்கு சுவராக இருக்க வாய்ப்பு அதிகம். பத்துக்குப் பன்னிரண்டு ரூமின் நாலு அங்குலக் கான்கிரீட் தளம் மட்டுமே ஏறக்குறைய 2,800 கிலோ. அதன் மேல் பத்தடி நீளம், பத்தடி உயரத்துக்கு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் எழுப்பினால் இன்னும் 4 டன் வரும். அடியில் இருந்த சுவரை எடுத்துவிட்டு மேலே பாரத்தையும் ஏற்றியிருக்கிறீர்கள். கீறல் சரியாகச் சுவர் இருந்த இடத்திலேயே விட்டிருப்பது நல்ல அறிகுறி இல்லை. பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

வருகிற இன்ஜினியர் வீட்டின் பாரத்தை எது தாங்கும் என்று கணக்குப் போடத் தெரிந்தவராக இருக்கட்டும். பிளான் வரைந்து கொடுப்பவர் எல்லோரும் அதைச் செய்வதில்லை. அவரிடம் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்: மேல் தளத்துக்கு என்ன கம்பி போட்டீர்கள், எத்தனை நாள் தண்ணீர் விட்டீர்கள், கலவைக்கு எந்தத் தண்ணீர், தளத்தின் அடியில் கொடுத்த முட்டுகளை எத்தனையாவது நாள் பிரித்தீர்கள். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-ன்படி 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்குக் குறைந்தது 7 நாள் முட்டு நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். தைக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் முதலில் அடிபடுவது இந்த நாள் கணக்குதான். காங்கயம், வெள்ளகோவில் பக்கம் உப்பேறிய போர்த் தண்ணீர் நிறையக் கிணறுகளில் உண்டு. கலவைக்கு அதை ஊற்றினால் உள்ளே இருக்கும் கம்பிக்குத் துரு சீக்கிரம் வரும். யூடியூப் வீடியோவில் இதையெல்லாம் காட்டமாட்டார்கள், பதினாலு நாள் தண்ணீர் விடுவதை யார் உட்கார்ந்து பார்ப்பது!

சரி, கொத்தனார் சொல்லும் 4 லட்சம். தளத்தின் கீழ் இரும்பு பீம் கொடுக்க வேண்டுமா, அதைத் தாங்க ரெண்டு பக்கமும் அஸ்திவாரத்தோடு தூண் எழுப்ப வேண்டுமா, மேல் சுவரையே இறக்க வேண்டுமா என்று யாருக்கும் இன்னும் தெரியாது. எதை உடைப்பது என்று தெரியாதபோது தொகை மட்டும் எப்படித் தெரிந்தது? அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. நாள் கூலி வேலையில் கணக்குப் போடுவது அவர் பொறுப்பே இல்லை, நீங்கள் அவரிடம் அதைக் கேட்டதும் இல்லை. அந்த 4 லட்சத்தை மறந்துவிடுங்கள். இதுவரை போட்ட 9.4 லட்சத்தையும் இந்த முடிவில் சேர்க்காதீர்கள். “இவ்வளவு போட்டாச்சு, பாதியில் விடக் கூடாது” என்ற நினைப்பில்தான் ஆட்கள் ரெண்டு வட்டிக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்கிறார்கள்.

உங்கள் மாதக் கணக்கைப் பார்ப்போம். ரெண்டு பேருக்கும் சேர்த்து வரவு 60,000. வீட்டுச் செலவு 32,000, லோன் 8,500, சீட்டு 10,000, அடகு வட்டி 3,600. எல்லாம் போக நிற்பது 5,900. ரெண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். 5 லட்சத்துக்கு மாதம் 10,000 வட்டி, அசலில் ஒரு ரூபாய் குறையாது. ஐந்து வருடம் கட்டினால் 6 லட்சம் கொடுத்திருப்பீர்கள், 5 லட்சம் அப்படியே நிற்கும். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை, வேண்டாம்.

பத்திரத்தை வைத்து பேங்கில் வாங்குவது உங்கள் கையில் இல்லை. வீடு அப்பா பெயரில் இருப்பதால் அவர் கையெழுத்துப் போட்டு லோனில் சேர வேண்டும். வயதைப் பார்ப்பார்கள். மாடிக்கு அனுமதி இருக்கிறதா என்றும் கேட்பார்கள். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். தொடங்கும் முன் வாங்கியிருந்தால் வேலை சுலபம். வாங்கவில்லை என்றால், கட்டியதை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் இன்ஜினியரோடு போய்க் கேளுங்கள். இதையெல்லாம் தாண்டி 4 லட்சம் கிடைத்தாலும், 10 சதவீத வட்டியில் ஏழு வருடத்துக்கு மாதத் தவணை 6,640 வரும். உங்களிடம் மிஞ்சுவது 5,900.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய சீட்டுதான் என் கண்ணில் பட்டது. இருபது மாதச் சீட்டில் பதினாலு மாதம் கட்டிவிட்டீர்கள். கடைசி ஆறு மாதத்தில் தள்ளு (ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை) அதிகம் போகாது. சீட்டு எடுத்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், போட்டியும் குறைவு. 1.8 லட்சம் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம், அடுத்த ஏலத்திலேயே எடுத்துவிடுங்கள். ஜாமீன் கேட்பார்கள், அதற்கு ஆளை இப்போதே தயார் பண்ணுங்கள். இது பதிவு பெற்ற சீட்டு இல்லை, ஊரில் தெரிந்தவர் நடத்துவது என்றால், இன்னும் சீக்கிரம் எடுக்க அதுவே காரணம்.

இந்தப் பணம் முதலில் தளத்துக்குப் போகட்டும், அடுத்து ஒழுகலுக்கு. வேறு எதற்கும் கிடையாது. கட்டுமான வேலைக்கு மட்டும் இன்ஜினியரின் மதிப்பீடு 1.8 லட்சத்தைத் தாண்டினால், மகளின் எஃப்.டி.யை உடைக்காமல் அதன் மீது குறைந்த தொகைக்குக் கடன் வாங்கலாம். வட்டி பொதுவாக எஃப்.டி. வட்டியைவிட 1 முதல் 2 சதவீதம்தான் கூடுதல். கல்லூரிச் சேர்க்கைக்கு முன் அதை அடைத்துவிட வேண்டும் என்பதால் 1 லட்சத்துக்கு மேல் போகாதீர்கள். பி.எஃப். இப்போது வேண்டாம். 2024-25-க்கு 8.25 சதவீத வட்டி கொடுத்த பணம் அது. ஆனால் வெளி வட்டியா பி.எஃப்.பா என்று ரெண்டே வழி மிஞ்சினால் கண்ணை மூடிக்கொண்டு பி.எஃப்.பை எடுங்கள். மீதி 10 பவுனைப் பற்றி நான் முடிவு சொல்லமாட்டேன். நகை உங்கள் சம்சாரத்துடையது, அவரிடம் கேட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை.

ஏற்கெனவே அடகில் இருக்கும் நகையில்தான் நிறைய மிச்சம் பிடிக்கலாம். ஒன்றரை வட்டி என்றால் வருடத்துக்கு 18 சதவீதம், 2.4 லட்சத்துக்கு 43,200 ரூபாய். அதே நகையை பேங்கிலோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திலோ 10 சதவீதத்துக்கு வைத்தால் 24,000. சும்மா இடம் மாற்றினாலே வருடம் 19,000-க்கு மேல் கையில் நிற்கும். மொத்தமாக மீட்கப் பணம் இல்லை என்றால் பொட்டலம் பொட்டலமாக மீட்டு மாற்றுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் உங்கள் அப்பா உறுப்பினராக இருப்பார், விசாரியுங்கள்.

ஒழுகலுக்கு உடனே டைல்ஸைப் பெயர்க்க வேண்டாம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். பாத்ரூமை ரெண்டு நாள் பூட்டி வையுங்கள். அப்போதும் சொட்டினால் தண்ணீர் வரும் குழாயில் கசிவு. பூட்டினால் நின்று, உபயோகித்தால் மட்டும் சொட்டினால் கழிவுக் குழாய் அல்லது தரை. கழிவு வாயை அடைத்துத் தரையில் ரெண்டங்குலம் தண்ணீர் கட்டிப் பார்த்தால் அந்த ரெண்டில் எது என்று தெரியும். ஆனால் ஜாக்கி கொடுத்து, இன்ஜினியர் சரி என்று சொன்ன பிறகு மட்டும் இதைச் செய்யுங்கள். அந்தத் தண்ணீரும் பாரம்தான். குழாய் என்றால் ரெண்டு டைல்ஸோடு போகும். தரை என்றால் முழுவதும் எடுத்து, வாட்டர் புரூஃபிங் செய்து, ரெண்டு நாள் தண்ணீர் கட்டி, கீழே ஈரம் வரவில்லை என்று பார்த்த பிறகுதான் டைல்ஸ் ஒட்ட வேண்டும். முதல் தடவை இந்தத் தண்ணீர் கட்டும் சோதனையைச் செய்தீர்களா என்று கேட்கவே தேவையில்லை.

இனி வேலை நாள் கூலிக்கு வேண்டாம். வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதி முடிந்தால் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாத்ரூம் வேலையில் பத்தில் ஒரு பங்கு பணம் சோதனை முடியும் வரை உங்களிடமே இருக்கட்டும். அதே கொத்தனார் இதற்குச் சம்மதித்தால் அவரையே வைத்துக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை, இன்ஜினியர் ஒருவர் மேற்பார்வை பார்த்தால் போதும்.

மாடிப்படியை இந்த வருடம் தொடவே வேண்டாம். இடிக்கிற விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். பெயின்ட், ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன் எதுவும் கிடையாது. வருமான வரிச் சலுகை கிடைக்குமா என்று யோசித்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். மராமத்துக் கடன் வட்டிக்குப் பழைய வரி முறையில் வருடம் 30,000 வரைதான் கழிவு, புதிய முறையில் சொந்தக் குடியிருப்புக்கு அதுவும் இல்லை. வீடு உங்கள் பெயரிலும் இல்லை.

அப்பா பெயர் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வீடு அவருடைய சுய சம்பாத்தியம் என்று வைத்துக்கொண்டால், உயில் எழுதாமல் அவர் காலமானால் அம்மா, நீங்கள், தங்கச்சி மூவருக்கும் சம பங்கு. நீங்கள் போட்ட 9.4 லட்சத்துக்கு எந்த ஏட்டிலும் பதிவு இல்லை. அதற்காகத் தங்கச்சிக்குத் தெரியாமல் அப்பாவிடம் கையெழுத்து வாங்குகிற வேலை வேண்டாம், பின்னால் கோர்ட்டுக்குப் போனால் இந்த வீட்டுக் கணக்கைவிட அது பெரிதாகும். அடுத்த தடவை தங்கச்சி வரும்போது அப்பா, அம்மாவோடு உட்கார்ந்து செலவுக் கணக்கை எடுத்து வையுங்கள். வீடு உங்களுக்கு, தங்கச்சிக்கு இவ்வளவு என்று ஒத்துப்போனால் செட்டில்மெண்ட் பத்திரம் எழுதலாம். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. பெயர் மாறிய பிறகு பேங்க் லோன் பேச்சை எடுத்தால் உங்களுக்கும் மரியாதை, வட்டியும் குறைவு.

ஹார்டுவேர் கடைக்காரர் ஃபோன் பண்ணும் வரை காத்திருக்காமல் இந்த வாரமே நேரில் போங்கள். பிரிக்காத டைல்ஸ் பெட்டி, உடைக்காத பெயின்ட் டப்பா எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கேளுங்கள், நிறையக் கடைகளில் எடுப்பார்கள். மீதிக்கு மாதம் 5,000 தருகிறேன், சீட்டு முடிந்ததும் 12,000 ஆக்குகிறேன் என்று சொல்லி, கொடுத்த தொகையை ஒவ்வொரு மாதமும் அவர் நோட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.