பூங்கா மனையை மீட்க முதலில் என்ன செய்வது?

கேள்வி: எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கு விட்ட 12 சென்டில் ஒருவர் வேலி போட்டுவிட்டார். மனு கொடுத்தும் பலன் இல்லை. என்ன வழி?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: மனுவோடு ஆவணம் இல்லாவிட்டால் அது மேசையிலேயே தங்கிவிடும். உங்கள் கிரயப் பத்திரத்தில் மனைப்பிரிவு ஒப்புதல் எண் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணைக் குறிப்பிட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாநகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். ஒப்புதல் பெற்ற வரைபடம், பூங்கா இடத்தை மாநகராட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரம் இரண்டின் நகலையும் கேளுங்கள். “ஏன் நடவடிக்கை இல்லை?” என்று கேட்டால் பதில் நழுவிவிடும், நகல்தான் கேட்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

கூடவே பூங்கா இடத்தின் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். தானப் பத்திரம் பதிவாகாமலோ, பதிவாகியும் பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே நின்றோ இருக்கும். அந்தப் பட்டாவைக் காட்டித்தான் அவருடைய வாரிசுகள் விற்கிறார்கள். பதிவாகியிருந்தால் பட்டாவை மாநகராட்சி பெயருக்கு மாற்றக் கோரி வட்டாட்சியருக்கு எழுதுங்கள்.

டேப் பிடித்து நான்கு பக்கமும் அளந்து வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். புகைப்படமும் எடுங்கள், மூலைக் கல்லும் வேலியும் ஒரே படத்தில் விழ வேண்டும். பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்த பெங்களூரு வழக்கில், அது செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலியை அகற்றக் கோரும் மனுவில் அதையும் எழுதுங்கள். இருக்கும் மரத்தை மட்டும் யாரையும் வெட்ட விடாதீர்கள்!