அடுப்பு மஞ்சளும் சூரிய மஞ்சளும்: வேதியியல் டீச்சரிடம் கேளுங்கள்

சென்னைப் பள்ளிகளில் பல வருடம் வேதியியல் நடத்தியவள் நான். அணு, தனிம அட்டவணை பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

மிஸ், பொட்டாசியத்துக்கு 'பி' போடாமல் ஏன் 'கே' போடுகிறார்கள்? (பத்தாம் வகுப்பு மாணவி, பெரம்பூர்)

லத்தீனில் அதன் பெயர் கேலியம், கண்ணு. 'பி'யைப் பாஸ்பரஸ் எடுத்துக்கொண்டது. சோடியம் அங்கே நேட்ரியம், அதனால்தான் 'என்ஏ'.

உப்புப் போட்ட கஞ்சி பொங்கி வழிந்தால் நீலத் தீ மஞ்சளாகிவிடுகிறது. கேஸில் கோளாறா? (இல்லத்தரசி, அம்பத்தூர்)

கோளாறு இல்லைம்மா, அது உப்பிலுள்ள சோடியம். சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள், கூடு கூடாக 2, 8, 1 என்று இருக்கும். வெளிக்கூட்டில் தனியாக இருக்கும் அந்த ஒன்று தீயின் சூட்டில் மேலே ஏறி, திரும்ப இறங்கும்போது மஞ்சள் ஒளியைக் கொடுக்கிறது. நம் தெருக்களில் எரிந்த சோடியம் விளக்குகளின் மஞ்சளும் இதுதான். இன்று ராத்திரி ஒரு சிட்டிகை உப்பைத் தீயில் தூவி, பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எதுவும் சிந்தாமலே எப்போதும் மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடித்தால் மட்டும் பர்னரைச் சுத்தம் செய்யுங்கள்.

தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் சோடியம், நச்சு வாயுவான குளோரின். இரண்டும் சேர்ந்ததை எப்படிச் சாப்பிடுகிறோம்? (அதே வீட்டுப் பையன்)

குளோரினுக்கு 2, 8, 7. சோடியத்திடம் ஒன்று அதிகம், குளோரினிடம் ஒன்று குறைவு. கொடுத்து வாங்கியதும் இரண்டுமே நிறைந்த கூட்டோடு அடங்கிவிடுகின்றன. பழைய வேகம் அப்புறம் ஏது?

ஆர்கானின் அணு எடை 39.95, பொட்டாசியத்துக்கு 39.10. எடை கூடியது தனிம அட்டவணையில் ஏன் முன்னால் நிற்கிறது? (நீட் எழுதப்போகும் மாணவர், தாம்பரம்)

அருமையான கேள்வி தம்பி. 1869இல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் 63 தனிமங்களை எடைப்படி அடுக்கினார். ஆனால் எடையும் குணமும் முரண்பட்ட இடத்தில் குணத்தை நம்பினார். எடை கூடிய டெல்லூரியத்தை அயோடினுக்கு முன்னால் வைத்தார். அவர் செய்தது சரி என்று 1913இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு காட்டியவர் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி. வரிசையைத் தீர்மானிப்பது எடை இல்லை, புரோட்டான் எண்ணிக்கை. ஆர்கானுக்கு 18, பொட்டாசியத்துக்கு 19. இரண்டு வருடத்தில், 27 வயதில், மோஸ்லி முதல் உலகப் போரில், துருக்கியின் கலிப்போலி போர்முனையில் இறந்துபோனார். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

சரி, ஆர்கானுக்கு ஏன் அவ்வளவு எடை? பாறைகளில் இருக்கும் கதிரியக்கப் பொட்டாசியம்-40 சிதைந்து உண்டான ஆர்கான்-40தான் நம் காற்றிலுள்ள ஆர்கானில் பெரும்பகுதி. புரோட்டானைப் போல நியூட்ரானும் அணுவுக்கு எடை சேர்க்கும். ஆர்கான்-40இல் 22 நியூட்ரான். சாதாரணப் பொட்டாசியத்தில் 20தான்.

ஹீலியத்துக்கும் மெட்ராஸுக்கும் சம்பந்தம் உண்டாமே? (நுங்கம்பாக்கம் வாசகர்)

உண்டு ஐயா. 1868 ஆகஸ்ட் 18, முழுச் சூரிய கிரகணம். அன்றைய மெட்ராஸ் மாகாணத்துக் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் காத்திருந்தார். உங்கள் நுங்கம்பாக்கத்தில் இயங்கிய மெட்ராஸ் வானாய்வகத்தின் தலைவர் பாக்சன், மசூலிப்பட்டினத்துக்குப் போனார். சூரிய விளிம்பின் ஒளியைப் பிரித்தபோது ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. நம் அடுப்பு மஞ்சளுக்கு வெகு அருகில்! சோடியத்துடைய ஒளியின் அலைநீளம் 589 நானோமீட்டர், இது 587.6. அதே வருடம் இங்கிலாந்தில் வானியலாளர் லாக்கியரும் அதைப் பார்த்தார், சோடியம் இல்லை என்று கண்டார். கிரேக்கச் சூரியன் ஹீலியோஸ் பெயரால் அது ஹீலியம் ஆனது. பூமியில் அது அகப்பட்டது 1895இல், வேதியியலாளர் ராம்சேயிடம். வானாய்வகத்தின் கருங்கல் தூண், தமிழ்க் கல்வெட்டோடு, இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

118க்கு மேல் தனிமம் வருமா, மிஸ்? (ஏழாம் வகுப்பு, வியாசர்பாடி)

118ஆவது தனிமம் ஓகனெசன். அதோடு அட்டவணையின் ஏழாவது வரிசை நிரம்பிவிட்டது. 119 வந்தால் எட்டாவது வரிசையின் முதல் கட்டத்தில், சோடியமும் பொட்டாசியமும் நிற்கும் அதே பத்தியில் உட்காரும். இதுவரை யாரும் அதை உருவாக்கிக் காட்டவில்லை. உன் நோட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாகப் போட்டு வைம்மா.