வேவர் மனு நகரவில்லை, வக்கீலும் பேசவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் வசிக்கும் அமெரிக்கக் குடிமகள். என் கணவர் எச்-1பி விசாவில் இங்கே வேலை பார்த்தவர். 2017-இல் வேலை போன பிறகும் ஊர் திரும்பாமல் இருந்துவிட்டார். 2019-இல் அவர் அப்பா தவறியதும் திண்டுக்கல் போனார். 2021-இல் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. கணவருக்காக நான் போட்ட ஐ-130 என்ற குடும்ப மனு ஏற்கப்பட்டு, 2023-இல் மும்பையில் நேர்காணலும் முடிந்தது. ஆனால் பத்து ஆண்டுத் தடை இருக்கிறதென்று விசாவை மறுத்துவிட்டார்கள். அந்தத் தடையிலிருந்து விலக்கு கேட்கும் வேவர் மனு போட வக்கீலுக்குப் பணம் கட்டினோம். "பைல் பண்ணியாச்சு, காத்திருங்கள்" என்றார். எட்டு மாதமாக அவர் போனையே எடுப்பதில்லை. குழந்தைக்கு மூன்று வயது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் அம்மாவும் என்னோடுதான் இருக்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, அரசு மெதுவாக நடப்பது ஒன்று, வக்கீல் வேலையைச் செய்யாமல் இருப்பது வேறொன்று. வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், ஏனென்றால் இரண்டிலும் கடிதம் வராது. உங்கள் வழக்கில் நடப்பது எது என்று தெரியாமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. தெரிந்துகொள்ள வக்கீலின் தயவும் தேவையில்லை.

ஐ-601 என்ற அந்த வேவர் மனு உண்மையிலேயே போய்ச் சேர்ந்திருந்தால், அமெரிக்கக் குடியேற்றத் துறையான யூ.எஸ்.சி.ஐ.எஸ். ஐ-797சி என்ற ரசீது நோட்டீஸை அனுப்பியிருக்கும். அதில் மூன்று எழுத்தும் பத்து இலக்கமும் கொண்ட ரசீது எண் இருக்கும். மனு வந்த தேதி, நோட்டீஸ் அச்சான தேதி என்று இரண்டு தேதிகள் இருக்கும். காத்திருப்புக் கணக்கு மனு வந்த தேதியிலிருந்துதான். அந்த எண்ணை யூ.எஸ்.சி.ஐ.எஸ். இணையதளத்தின் கேஸ் ஸ்டேட்டஸ் பக்கத்தில் போட்டால் மனு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். நோட்டீஸ் உங்கள் கைக்கு வரவில்லை என்பதாலேயே மனு போடவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். மனுவில் உங்கள் முகவரிக்குப் பதிலாகத் தங்கள் அலுவலக முகவரியையே எழுதிவிடும் வக்கீல்கள் உண்டு. மனுக் கட்டணத்தை உங்கள் சொந்தக் காசோலையில் கொடுத்திருந்தால், வங்கியில் அதன் பின்பக்க நகலைக் கேளுங்கள். பணமாக்கப்பட்ட காசோலையின் பின்புறம் பெரும்பாலும் ரசீது எண் அச்சாகியிருக்கும். மொத்தப் பணத்தையும் வக்கீலிடமே கொடுத்திருந்தால் எண்ணைத் தரும்படி அவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம். பணம் கட்டியது நீங்களாக இருக்கலாம், ஆனால் ஐ-601 மனுவின் விண்ணப்பதாரர் உங்கள் கணவர். வக்கீலை நியமிக்கும் ஜி-28 படிவத்தில் கையெழுத்திட்டிருப்பவரும் அவர்தான். அதனால் இனி நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் அவருடைய கையெழுத்தும் இருக்கட்டும். இல்லாவிட்டால் "நீங்கள் விண்ணப்பதாரர் அல்ல" என்ற ஒற்றை வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வக்கீலுக்கு எழுதுவதை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். கோபத்தைக் கொட்ட வேண்டாம். ஐ-601 என்றைக்கு அனுப்பப்பட்டது, ரசீது எண் என்ன, கூடுதல் ஆவணம் கேட்டு ஏதாவது கடிதம் வந்ததா, முழு பைலின் நகல் எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்டு, பதில் சொல்ல ஒரு தேதியும் குறிப்பிடுங்கள். மூன்றாவது கேள்விதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. கூடுதல் ஆவணம் கேட்டால் அதிகபட்சமாக 84 நாள் அவகாசம். தபால் போய்வரச் சில நாட்கள் கூடும், அவ்வளவுதான். அதற்குமேல் நீட்டிப்பு கிடையாது. பதில் போகாவிட்டால் மனு கைவிடப்பட்டதாக நிராகரிக்கப்படும். அப்படி ஒரு கடிதம் வக்கீலின் மேஜையில் பிரிக்காமல் கிடந்தால், நீங்கள் நம்பிக்கையோடு காத்திருக்கும் மனு என்றோ முடிந்துபோயிருக்கும்.

அவர் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், தகவல் உரிமைச் சட்டமான ஃபோயாவின் கீழ் யூ.எஸ்.சி.ஐ.எஸ்.-இடம் கணவரின் முழு பைலையும் கேட்டு ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். வக்கீல் என்ன அனுப்பினார், எதை விட்டார், அரசு என்ன எழுதியது எல்லாம் அதில் வந்துவிடும். அடுத்து வரும் வக்கீல் முதலில் கேட்பதும் அதைத்தான்.

பைல் கைக்கு வந்ததும் நீங்களே பார்க்க வேண்டியது தேதிக் கணக்கு. எச்-1பி-யில் வந்தவருக்குச் சட்டவிரோதத் தங்கல் என்ற கணக்கு வழக்கமாக வேலை போன நாளிலிருந்து ஓடாது. எந்தத் தேதி வரை அமெரிக்காவில் தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவு காலாவதியான மறுநாளிலிருந்து ஓடும். விசா நீட்டிப்பு கிடைத்தபோது வந்த ஐ-797ஏ தாளின் அடிப்பகுதியில், கிழித்தெடுக்கும்படி ஒரு புதிய ஐ-94 இருக்கும். அதிலுள்ள தேதிதான் முக்கியம். அந்தத் தேதியிலிருந்து கணவர் விமானம் ஏறிய நாள் வரை 180 நாளைத் தாண்டவில்லை என்றால் தடையே இல்லை. 180 நாளைத் தாண்டி ஓராண்டுக்குள் என்றால் மூன்று ஆண்டுத் தடை. அவர் கிளம்பியது 2019 என்பதால் அது 2022-இலேயே முடிந்திருக்கும். ஓராண்டோ அதற்கு மேலோ ஆகியிருந்தால்தான் பத்து ஆண்டு, அதாவது 2029 வரை. மும்பை அதிகாரி கணக்குப் பார்த்துத்தான் மறுத்திருப்பார். ஆனாலும் ஐ-94 முடியும் முன்பே போட்ட நீட்டிப்பு மனு ஏதாவது அப்போது நிலுவையில் இருந்ததா என்று பாருங்கள். இருந்திருந்தால் எண்ணிக்கை மாறக்கூடும். மறுப்புத் தாளில் வேறு ஏதாவது பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பொய்த் தகவல் தந்ததாகக் குறித்திருந்தால் 2029 வந்தாலும் அந்தத் தடை தானாக விலகாது.

மனு உயிரோடு இருக்கிறது, அரசுதான் தாமதிக்கிறது என்று தெரிந்தால் கொஞ்சம் மூச்சுவிடலாம். இந்த வகை மனுக்கள் சமீப ஆண்டுகளில் மிகவும் இழுக்கின்றன. ஐ-601 இரண்டு ஆண்டைத் தாண்டியதுண்டு. அமெரிக்காவுக்குள் இருப்பவர்கள் போடும் ஐ-601ஏ மூன்று ஆண்டையும் தாண்டியிருக்கிறது. யூ.எஸ்.சி.ஐ.எஸ். இணையதளத்தின் ப்ராசஸிங் டைம்ஸ் பக்கத்தில் மனு வந்த தேதியைக் கொடுத்தால், எந்த நாளுக்குப் பிறகு நீங்கள் விசாரிக்கலாம் என்று காட்டும். அந்த நாள் கடந்திருந்தால் ஆன்லைனிலேயே விசாரணை போடலாம். கடக்கவில்லை என்றாலும், உங்கள் அம்மாவின் உடல்நிலை திடீரென்று மோசமானால் மனிதாபிமான அவசரம் என்று சொல்லி மனுவை முன்னுரிமையில் எடுக்கக் கேட்கலாம். டாக்டரின் கடிதம் விவரமாக இருக்க வேண்டும். பிரிவு கஷ்டமாக இருக்கிறது என்ற பொதுவான வரி போதாது.

உங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்தையும் அணுகுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் அரசியல்வாதியிடம் போவதா என்று தயங்குகிறார்கள். குடியேற்ற வழக்குகளை விசாரிப்பதற்கென்றே அங்கே ஊழியர்கள் இருக்கிறார்கள், கட்டணமும் இல்லை. தனியுரிமை ஒப்புதல் படிவத்தில் கணவர் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அவர்களால் மனுவை ஏற்க வைக்க முடியாது. ஆனால் பைல் எங்கே கிடக்கிறது என்று பதில் வாங்க முடியும்.

கடைசி வழி, முடிவெடுக்கும்படி அரசுக்கு உத்தரவிடக் கேட்டு ஃபெடரல் நீதிமன்றத்தில் போடும் மாண்டமஸ் வழக்கு. தாக்கல் கட்டணம் 405 டாலர், வக்கீல் செலவு அதைப் போலப் பல மடங்கு. ஜெயித்தாலும் முடிவெடு என்றுதான் நீதிமன்றம் சொல்லும். ஏற்றுக்கொள் என்று சொல்லாது. தங்கல் தடைக்கான வேவர் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இல்லினாய், இண்டியானா, விஸ்கான்சின் மாநிலங்களுக்கான ஏழாவது சர்க்கியூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தத் தாமத வழக்குகளை விசாரிக்கவே தங்களுக்கு அதிகாரமில்லை என்று 2024-இல் தீர்ப்பளித்தது. நியூ ஜெர்சி அதற்குள் வராது. என்றாலும் மாண்டமஸ் போட்டால் உடனே முடிந்துவிடும் என்று ஒரு வக்கீல் அடித்துச் சொன்னால், இந்தத் தீர்ப்பைப் பற்றி அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலிலேயே அவரை எடைபோட்டுவிடலாம்.

இனி பழைய வக்கீல். அவர் எந்த மாநிலத்தில் உரிமம் பெற்றவர் என்று பாருங்கள். குடியேற்றச் சட்டம் ஃபெடரல் சட்டம் என்பதால் நியூயார்க்கிலோ டெக்சாஸிலோ உரிமம் பெற்றவர் உங்கள் வழக்கை நடத்தலாம். ஆனால் புகார் உரிமம் தந்த மாநிலத்துக்குப் போக வேண்டும். நியூ ஜெர்சி என்றால் மாவட்ட எதிக்ஸ் கமிட்டியிடம் புகார் தரலாம். செய்யாத வேலைக்கு வாங்கிய பணத்தைத் திரும்பக் கேட்க ஃபீ ஆர்பிட்ரேஷன் கமிட்டி தனியாக இருக்கிறது. உரிமப் பட்டியலில் அவர் பெயரே இல்லையென்றால் அவர் வக்கீலே அல்ல. அப்போது இது மோசடி, போலீஸில் சொல்ல வேண்டிய விஷயம்.

வக்கீலை மாற்ற அவருடைய சம்மதம் வேண்டாம். புதியவர் கணவரின் கையெழுத்தோடு புது ஜி-28 போட்டால் போதும். பழைய வக்கீலின் அலட்சியத்தால் மனு ஏற்கெனவே நிராகரிக்கப்பட்டிருந்தால், புகார் கொடுப்பது ஆத்திரம் தீர்க்கும் காரியம் மட்டுமல்ல. குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 1988-இல் தந்த லொசாடா தீர்ப்பின்படி, வக்கீலின் தவறைக் காரணம் காட்டி வழக்கைத் திரும்பத் திறக்கக் கேட்பவர் மூன்று காரியம் செய்திருக்க வேண்டும்: வக்கீல் என்ன வேலைக்கு ஒப்புக்கொண்டார் என்பதைப் பிரமாணப் பத்திரமாக எழுத வேண்டும், அந்த வக்கீலுக்குத் தெரிவித்து அவர் பதில் சொல்ல இடம் தர வேண்டும், ஒழுங்கு அமைப்பிடம் புகார் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். நீங்கள் இப்போது அனுப்பும் கடிதங்கள்தான் அன்றைக்கு ஆதாரம். நிராகரிப்பை எதிர்த்து ஐ-290பி படிவம் போட வழக்கமாக 30 நாள்தான், தபாலில் வந்திருந்தால் 33. கைவிடப்பட்டதாக நிராகரித்திருந்தால் அப்பீல் கிடையாது, திரும்பத் திறக்கும் மனு மட்டுமே. ஆகவே ஸ்டேட்டஸ் பக்கத்தை வாரம் ஒருமுறையாவது பாருங்கள்.

காத்திருக்கும் காலத்தில் ஆதாரம் பழசாகிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். வேவரில் கணக்கில் வருவது கணவரின் கஷ்டமோ குழந்தையின் கஷ்டமோ நேரடியாக அல்ல; குடியுரிமை பெற்ற மனைவியான உங்களுக்கு ஏற்படும் கடும் துன்பம்தான். குழந்தையும் அம்மாவும் உங்கள் வழியாகவே வழக்குக்குள் வருகிறார்கள். அதனால் "அம்மாவுக்கு டயாலிசிஸ்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. வாரத்தில் எத்தனை முறை யார் கூட்டிப் போகிறார்கள், அந்த நாட்களில் உங்கள் சம்பளம் எவ்வளவு பிடிபடுகிறது, அம்மாவை விட்டு நீங்கள் திண்டுக்கல்லுக்குக் குடிபோக ஏன் முடியாது என்று காட்ட வேண்டும். மருத்துவமனைச் சீட்டுகள், ஷிப்ட் அட்டவணை, குழந்தைப் பராமரிப்பு ரசீதுகள், ஊருக்கு அனுப்பிய பண விவரம் எல்லாவற்றையும் தேதிவாரியாகச் சேர்த்துவையுங்கள். ரசீது எண்ணோடு ஒரு கவரிங் லெட்டர் வைத்து, முடிவு வருவதற்கு முன் புதிய வக்கீல் அவற்றை அனுப்பிவைக்கலாம்.

கணவரின் பாஸ்போர்ட் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவப் பரிசோதனை மட்டும் இப்போது வேண்டாம். அது பொதுவாக ஆறு மாதம்தான் செல்லும். வேவர் கிடைத்து மும்பையிலிருந்து அழைப்பு வந்த பிறகு செய்துகொண்டால் போதும்.