பழம் மட்டும் சாப்பிட்டுத் தசை வளர்க்க முடியுமா?

பழ உணவு முறை என்றால் சாப்பாடே பழம்தான், சிலர் கூடவே கொட்டைகளும் விதைகளும் சேர்த்துக்கொள்வார்கள். வெறும் பழம் என்றால் தசை வளர்ப்பது ரொம்பக் கஷ்டம். தசையைக் கட்டுவது புரதம். எடை தூக்கிப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் தினமும் வேண்டும், அதாவது 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் இருப்பதோ 1.3 கிராம்தான், கணக்குப் போட்டால் நாளுக்கு எண்பதுக்கும் மேல் (வயிறு தாங்குமா?). சர்க்கரை கிடைக்கும், பயிற்சிக்குத் தெம்பும் வரும், ஆனால் கொத்தனாருக்கு வயிறாரச் சாப்பாடு போட்டுவிட்டு, செங்கல் தராமல் சுவர் எழுப்பச் சொன்ன கதைதான்.

அப்புறம், கொரில்லா பழம் தின்றுதானே அப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். அது இலையும் தண்டும் கிலோ கணக்கில் மெல்லும், பழம் அதில் ஒரு பங்குதான்.