கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது

அன்பின் அம்மாவுக்கு,

எனக்கு 23 வயது. கல்வியியல் கல்லூரியில் இரண்டு வருடம் முடித்து, கட்டுறுப் பயிற்சிக்காக, அதாவது பாடசாலையில் நேரடியாகக் கற்பித்துப் பழகும் பயிற்சிக்காக, ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. தரம் 2, 31 பிள்ளைகள். வகுப்பாசிரியை உள்ளே நிற்கும்வரை மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. அவர் அலுவலகத்துக்குப் போனதும் சந்தைதான். "கொப்பியை எடுங்கள்" என்றால் பாதிப் பேர் எழும்பி நிற்கிறார்கள், நாலு பேர் பென்சில் சீவக் குப்பைக் கூடையடிக்குப் போகிறார்கள், ஒருவன் தண்ணீர்ப் போத்தலைத் தட்டிவிடுகிறான். மழை பிடித்தால் தகரக் கூரைச் சத்தத்தில் என் குரல் முன்வரிசைக்கே எட்டுவதில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பையனின் உள்ளங்கையில் அடிமட்டத்தால் அடித்துவிட்டேன். நானும் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, அடி வாங்கிப் படித்தவள். ஒரு பிள்ளையையும் தொடமாட்டேன் என்று வந்தவள். அன்றிலிருந்து அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடத்து விழிக்கிறேன். ஞாயிறு பின்னேரமானால் வயிறு பிசைகிறது. பிள்ளைகள் டீச்சர் என்றுகூடச் சொல்வதில்லை, "அக்கா" என்கிறார்கள். பத்து நாளில் விரிவுரையாளர் பாடம் பார்க்க வருகிறார். எனக்கு இந்த வேலை சரிவராதா?

– கட்டுறுப் பயிலுநர், ஹட்டன்

அன்பின் மகளுக்கு,

சரிவரும். முதலில் அந்தப் பையனைப் பற்றிப் பேசுவோம், அதுதான் உங்களை மூன்று மணிக்கு எழுப்புகிறது.

நாளைக்கே அவனிடம் பேசுங்கள். எல்லோர் முன்னாலும் வேண்டாம். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது அவன் மேசையருகே குந்தி, அவன் கண்மட்டத்துக்கு வந்து சொல்லுங்கள்: "அன்றைக்கு டீச்சர் உன் கையில் அடித்தது பிழை. இனி அடிக்க மாட்டேன்." அவ்வளவுதான். "நீயும் சத்தம் போட்டாய்தானே" என்று சேர்த்தால் மன்னிப்பு மறுபடி குற்றச்சாட்டாகிவிடும். டொபி கொடுக்கவும் வேண்டாம். பதில் சொல்லாவிட்டாலும் விட்டுவிடுங்கள், அடுத்த சில நாட்கள் காலையில் பெயர் சொல்லி வரவேற்றால் போதும். பாடசாலைகளில் உடல் தண்டனையைக் கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை தடை செய்கிறது. ஆகவே நடந்ததை வகுப்பாசிரியையிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்தால் பயம்தான் வளரும்.

இனி சத்தம். நீங்கள் எழுதியதை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். எழும்பியது, பென்சில் சீவியது, போத்தல் விழுந்தது, எல்லாமே "கொப்பியை எடுங்கள்" என்றதற்கும் எழுதத் தொடங்கியதற்கும் நடுவில். அந்த இடைவெளியில் என்ன செய்வதென்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. வகுப்பாசிரியை வருடத் தொடக்கத்திலிருந்தே பழக்கியிருப்பார், அதனால் அவருக்கு ஒரு பார்வை போதும். உங்களுக்கு வந்து மூன்று வாரம்தானே.

பிள்ளைகள் வருமுன் பத்துப் பென்சில்களைச் சீவி ஒரு பால்மா டின்னில் போட்டு வையுங்கள். முனை உடைந்தால் மாற்றி எடுக்கலாம், பாட நேரத்தில் யாரும் சீவுவதில்லை. போத்தல்கள் சுவரோரம் தரையில். கொப்பி பகிர வரிசைக்கு ஒரு பிள்ளை, வாரம் ஒருமுறை ஆளை மாற்றுங்கள்.

பிறகு ஒரு கைதட்டல்: மெதுவாக இரண்டு, வேகமாக மூன்று. பிள்ளைகள் அதைத் திருப்பித் தட்டி, கையை மேசையில் வைக்க வேண்டும். சத்தம் போடும்போது இதைத் தொடங்கினால் எடுபடாது. காலையில் அமைதியாக இருக்கும்போது விளையாட்டுப் போல ஐந்தாறு தடவை பழக்குங்கள், நான்கு நாள் தொடர்ந்து. பலர் தவறவிடும் இடம் அடுத்ததுதான்: 28 பேர் அடங்கி மூன்று பேர் பேசிக்கொண்டிருக்கையிலேயே டீச்சர் பேசத் தொடங்கிவிடுவார். கைதட்டலுக்கு அடங்கத் தேவையில்லை என்று வகுப்பு அன்றே கற்றுக்கொள்ளும். காத்திருங்கள். பேசுகிறவன் அருகே போய் நில்லுங்கள், பெயர் சொல்ல வேண்டாம். பத்து வினாடி பத்து நிமிடம் போலத் தோன்றும், தாங்கிக்கொள்ளுங்கள்.

அமைதியானதும் ஒரு தடவைக்கு இரண்டு கட்டளைக்கு மேல் வேண்டாம். ஏழு வயதில் நாலைந்தைச் சேர்த்துப் பிடித்து வைப்பது கடினம். பக்க எண்ணைக் கரும்பலகையில் எழுதி, கொப்பியை உயர்த்தி எந்தக் கோட்டில் தொடங்குவதென்று விரலால் காட்டுங்கள். முதல் வரியைச் சேர்ந்து எழுதிவிட்டு, மிச்சத்தை அவர்களிடம் விடுங்கள். சீக்கிரம் முடிப்பவருக்கு என்ன வேலை என்பதும் முன்கூட்டியே பலகையில் இருக்கட்டும்.

மழையோடு போட்டி போடாதீர்கள். மழை பிடித்தால் விளக்கத்தை நிறுத்திப் படம் வரைதல், உறுப்பெழுத்து, அல்லது பாயில் நெருங்கி உட்கார்ந்து படப் புத்தகம் என்று மாறுங்கள். கரகரத்த குரலில் குசுகுசுப்பதும் தொண்டைக்குச் சிரமம்தான். வெந்நீர்ப் போத்தல் ஒன்று கொண்டு போங்கள், வெண்கட்டித் தூள் பறக்காமல் பலகையை ஈரத் துணியால் துடையுங்கள். மூன்று வாரம் தாண்டியும் கரகரப்பு போகாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. அம்மா பெரட்டுக்கு (தோட்ட வேலைக்குக் காலையில் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போகும் அவசரத்தில் சில பிள்ளைகள் வெறும் தேத்தண்ணியோடு வந்திருப்பார்கள். ஒன்பது மணிக்குக் குழப்படி செய்யும் பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது, "காலையில என்ன சாப்பிட்ட?"

விடியற்காலைப் படபடப்பு வரும்போது நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம். திங்கட்கிழமைப் பாடக்குறிப்பை வெள்ளிக்கிழமையே முடித்தால் ஞாயிறு கொஞ்சம் லேசாகும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமும் சாப்பாடும் சரியாகாவிட்டால் ஆதார வைத்தியசாலையில் காட்டுங்கள். உயிரோடிருந்து என்ன என்ற நினைப்பு ஒருநாள் வந்தாலும் காத்திருக்காமல் 1926 மனநல உதவி இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.

விரிவுரையாளர் வருகிற நாளுக்கென்று புதிதாக ஒன்றும் வேண்டாம், பழகிய கைதட்டலும் பழகிய வரிசையுமே போதும். அதுவரை தினமும் முதல் 20 நிமிடம் நீங்கள் நடத்த, வகுப்பாசிரியை பின்னால் இருந்து கொப்பி திருத்தட்டும் என்று கேட்டுப் பாருங்கள்.

"அக்கா" என்பதற்காகக் கோபிக்காதீர்கள். அந்த வயதுக்கு நீங்கள் பக்கத்து லயத்து அக்காதான். பலகையின் மூலையில் உங்கள் பெயரை எழுதி, பக்கத்தில் "டீச்சர்" என்று எழுதிவிடுங்கள். யாராவது அக்கா என்றால் "டீச்சர்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.