நோயாளி கடித்துவிட்டார்: கழுவினால் மட்டும் போதுமா?

கேள்வி: மனநல வார்டில் செவிலியராக இருக்கிறேன். ஊசி போடுவதற்காக ஒரு நோயாளியின் கையைப் பிடித்தபோது என் விரல் மூட்டில் கடித்துவிட்டார். லேசாக ரத்தம் வந்தது. “இங்கே இதெல்லாம் சகஜம், கழுவிட்டு வேலையைப் பாருங்க” என்றார்கள். நான்கு நாளாகிறது. மூட்டு வீங்கியிருக்கிறது, மடக்கினால் வலிக்கிறது. என்ன செய்வது? இனி இப்படி நடக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: இன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். விரல் மூட்டில் தோலுக்குக் கீழேயே தசைநாண், அதற்கடியிலேயே மூட்டு. விரல் மடங்கியிருக்கும்போது பல் போடும் துளை, விரலை நீட்டியதும் நகர்ந்து மூடிக்கொள்ளும். மேலே காயம் ஆறிவிட்ட மாதிரி தெரியும், உள்ளே சீழ் பிடிக்கும். எக்ஸ்ரே எடுப்பார்கள். தேவைப்பட்டால் மூட்டைத் திறந்து கழுவுவார்கள். தாமதித்தால் விரல் விறைத்தே போய்விடலாம்.

வீட்டில் மிச்சமிருக்கும் செபலெக்சின் என்ற ஆன்டிபயாடிக்கைப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். மனித வாயில் இருக்கும் ஈக்கினெல்லா என்ற கிருமி அதற்கு மசியாது. கடிக்கு வழக்கமாகத் தருவது அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடிபட்ட உடனே செய்யவேண்டியது: மோதிரத்தைக் கழற்றுங்கள், வீங்கிய பிறகு வராது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 5 நிமிடமாவது கழுவுங்கள். காயத்தைப் பிதுக்க வேண்டாம். கையில் பட்ட கடியைப் பெரும்பாலும் தைக்காமல் திறந்தே விடுவார்கள். டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டுக்கு மேலாகிவிட்டால் மறுபடி போட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவர்களுக்குத் தடுப்பூசியும், தேவைப்பட்டால் இம்யூனோகுளோபுலினும் (தயார்நிலை நோய் எதிர்ப்புப் புரதம்) தருவார்கள். இம்யூனோகுளோபுலினை 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது, 7 நாளைத் தாண்டக் கூடாது. எச்சிலால் எச்ஐவி தொற்றும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. கடித்தவர் வாயில் ரத்தம் இருந்திருந்தால் மட்டுமே தடுப்பு மாத்திரை பற்றிய யோசனை வரும். அந்த மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். ஒன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: உங்கள் ரத்தம் அவர் வாயிலும் பட்டிருக்கிறது, அவரையும் பரிசோதிக்க வேண்டும்.

இனி, தடுப்பது. நம் கை நோயாளி மேல் படும் நேரத்தில்தான் இந்தக் காயங்களில் பல ஏற்படுகின்றன. அதனால் ஊசியை எடுப்பதற்கு முன்பே யார் பேசுவது, யார் பிடிப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பேசுவது ஒருவர் மட்டும். நால்வர் சேர்ந்து சமாதானம் சொன்னால் அதுவே மிரட்டலாகத் தெரியும். ஒவ்வொரு ஷிப்டிலும், நோயாளி வன்முறையில் இறங்குவாரா என்று கணிக்க உதவும் ப்ரோசெட் பட்டியலைப் பாருங்கள்: குழப்பம், எரிச்சல், கூச்சலும் ஆர்ப்பாட்டமும், வாயால் மிரட்டுவது, உடலால் மிரட்டுவது, பொருள்களைத் தாக்குவது. இந்த ஆறில் மூன்று இருந்தாலே அடுத்த 24 மணி நேரத்துக்கு ஆபத்து அதிகம்.

இரண்டு கை தூரம் தள்ளி, சற்றுச் சாய்வாக நில்லுங்கள். கதவை மறிக்காதீர்கள், வெளியேறும் வழி இருவருக்குமே வேண்டும். கடித்துக்கொண்டிருக்கும்போது கையை வெடுக்கென்று இழுத்தால் சதை கிழியும். வாய்ப்பக்கமாகவே அழுத்தினால் தாடை தளரும். நோயாளி உங்கள் தலைமுடியைப் பிடித்தால் அவர் கையை உங்கள் இரு கையாலும் தலையோடு அழுத்திக்கொண்டு உதவிக்குக் கூப்பிடுங்கள். மணிக்கட்டைப் பிடித்தால் அவரது கட்டைவிரல் பக்கமாகத் திருகி விடுவித்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் படித்தால் வராது, ஜோடியாகப் பழக வேண்டும்.

நான்கு நாளானாலும் சம்பவப் பதிவேட்டில் எழுதுங்கள். பிறகு தொற்று தெரியவந்தால் அது வேலையில் வந்ததுதான் என்று காட்ட அந்தப் பதிவும் ஆரம்ப ரத்தப் பரிசோதனையும்தான் இருக்கும். “நோயாளி திடீரென ஆக்ரோஷமானார்” என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. “10 மணிக்கு வீட்டுக்குப் பேசக் கேட்டார், காத்திருக்கச் சொன்னோம். 10.20க்கு ஊசிக்காக இடது கையைப் பிடித்தபோது வலது ஆள்காட்டி விரல் மூட்டில் கடித்தார்” என்று எழுதினால், அடுத்த ஷிப்டில் இருப்பவர் முதலில் போனை நீட்டுவார்.

ஒரு மாதம் கழிந்தும் தூக்கம் கெட்டு, அந்த அறைக்குள் போகவே நெஞ்சு படபடத்தால் அதற்கும் சிகிச்சை எடுங்கள். அதுவரை அந்த நோயாளியின் ஊசியை வேறொருவர் போடட்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள்.