ஐன்ஸ்டைனும் ஆறிப்போன அரிசி பருப்பு சோறும்

கேள்வி: என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து போனில் அண்டம், காலம், கருந்துளை என்று வீடியோ பார்ப்பதே வேலை. அதில் எனக்கு ஒன்றும் குறையில்லை. ஆனால் மத்தியானம் சாப்பிடுகிற நேரத்தில், ‘சித்த நேரத்துல வந்தர்றேன், பத்தே நிமிசம்’ என்று மொபெட்டை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனால், வந்து சேர ஐம்பத்தைந்து நிமிஷம். போன வாரம் செய்த அரிசி பருப்பு சோறு ஆறிக் கல்லாகிவிட்டது. கேட்டால், ‘நேரம்ங்கறது எல்லாத்துக்கும் ஒன்னாவா ஓடுது? ஐன்ஸ்டைனே சொல்லீட்டாரு. அண்டம் பொறந்து 1380 கோடி வருசமாச்சு, முக்கா மணி நேரத்துக்கு இத்தனை பேச்சா?’ என்கிறார். இது நிஜமா, சமாளிப்பா? அப்புறம் இன்னொன்று. அண்டம் ஒரு பெருவெடிப்பில் பிறந்தது என்பாரே, அது எந்த இடத்தில் நடந்தது, அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று நான் கேட்டால் மட்டும் அவருக்கு மொபெட் சாவி ஞாபகம் வந்துவிடுகிறது. நீங்களாவது சொல்லுங்களேன்.
— கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: சகோதரி, உங்கள் வீட்டுக்காரர் சொல்வது பொய்யில்லை. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் அடுத்த கடிதம் அவரிடமிருந்து வரும்.

நேரம் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓடுவதில்லைதான். வேகமாகப் போகிறவரின் கடிகாரம் மெதுவாக ஓடும் என்று ஐன்ஸ்டைன் 1905-ல் எழுதினார். மேட்டில் இருக்கும் கடிகாரம் வேகமாகவும் பள்ளத்தில் இருப்பது மெதுவாகவும் ஓடும் என்பது அதற்குப் பிறகு அவர் கண்டது. 2010-ல் அமெரிக்காவில் ஓர் அணுக்கடிகாரத்தை இன்னொன்றைவிட ஓர் அடி உயரத்தில் வைத்து, அந்த வித்தியாசத்தையே அளந்து காட்டிவிட்டார்கள்.

ஆனால் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்க வேண்டாமா? முப்பது வருஷம் கல்லூரியில் இயற்பியல் நடத்திய கை, சும்மா இருக்காது. கோபியைவிட ஊட்டி சுமார் 2,000 மீட்டர் உயரம். அங்கே ஒரு வருஷம் குடியிருப்பவருக்கு நம்மைவிடக் கொஞ்சம் கூடுதலாக வயசாகும். கொஞ்சம் என்றால், ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்கு போட்டு அதில் ஏழு பங்கு. இதற்காக யாரும் ஊட்டி வீட்டை விற்க வேண்டியதில்லை. மொபெட்டில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட்டினால் அவர் மிச்சம் பிடிப்பது, ஒரு நொடியை லட்சம் கோடிப் பங்காக்கி அதில் இரண்டரைப் பங்கு.

அவர் கைக்கடிகாரத்தில் பத்து நிமிஷமும் உங்கள் சமையலறைக் கடிகாரத்தில் ஐம்பத்தைந்து நிமிஷமும் ஆகியிருக்க வேண்டுமென்றால், மொபெட் நொடிக்கு 2,94,000 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்க வேண்டும். ஒளியின் வேகத்தில் 98 சதவீதம். அந்த வேகத்தில் நேராகப் போய்த் திரும்பியிருந்தால் மனிதர் செவ்வாய்க் கோளையும் தாண்டிவிட்டு வந்திருப்பார், கொத்துமல்லிக் கட்டோடு. ஆகவே ஐன்ஸ்டைன் பெயரில் உங்கள் வீட்டில் நடப்பது சமாளிப்புதான்.

1380 கோடி வருஷத்தில் முக்கால் மணி நேரம் எம்மாத்திரம் என்கிற வாதத்துக்கு இயற்பியல் தேவையில்லை. அதே கணக்கில் ஒரு மாதப் பென்ஷன் வராமல் போனாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. கேட்டுப் பாருங்கள்.

எனக்கு உங்கள் கடிதத்தில் பிடித்தது அந்தக் கல்லான சோறு. நேரத்தைப் பற்றி அவர் பார்த்த வீடியோக்களில் எல்லாம் இருப்பதைவிடப் பெரிய விஷயம் அந்தத் தட்டில் இருக்கிறது.

இயற்பியலின் அடிப்படை விதிகள் பெரும்பாலும் முன்னோக்கி ஓட்டினாலும் பின்னோக்கி ஓட்டினாலும் ஒன்றுதான். இரண்டு கோலிக்குண்டு மோதிப் பிரிவதைப் படம் பிடித்துத் திருப்பி ஓட்டினால், எது நிஜம் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். அரிசி பருப்பு சோறு ஆறுவதைத் திருப்பி ஓட்டினால் சின்னப் பிள்ளையும் சிரித்துவிடும்: உறைந்த நெய் தானாக உருகுகிறது, மேலே போன ஆவி இறங்கிவந்து சோற்றுக்குள் புகுந்துகொள்கிறது. ஏன் அப்படி நடப்பதே இல்லை? 1870-களில் இதற்கு விளக்கம் சொன்னவர் வியன்னாவின் போல்ட்ஸ்மன். சூடு என்பது துகள்களின் துள்ளல். அந்தத் துள்ளல் தட்டுக்குள் குவிந்திருக்கும் வழிகள் கொஞ்சம். சமையலறை முழுக்கச் சிதறிக் கிடக்கும் வழிகள் எண்ணி மாளாது. ஆட்டுச் சந்தையில் அவிழ்த்துவிட்ட குட்டிகள் நாலாபக்கமும் ஓடும். அவை தாமாகவே திரும்பி வந்து வரிசையாக வண்டியில் ஏறக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஏறினதாக மட்டும் யாரும் பார்த்ததில்லை.

சரி, சிதற வேண்டுமானால் முதலில் குவிந்திருக்க வேண்டும் அல்லவா? உங்கள் அடுப்பின் சூடு எரிவாயுவிலிருந்து வந்தது. எரிவாயு என்றைக்கோ மடிந்த உயிர்களிலிருந்து, அந்த உயிர்கள் வெயிலிலிருந்து, சூரியன் ஒரு வாயு மேகத்திலிருந்து. இப்படிப் பின்னாலேயே போனால் அண்டத்தின் தொடக்கத்தில் போய் முட்டிக்கொள்வோம். அது ரொம்ப ஒழுங்கான ஒரு நிலையில் தொடங்கியது, அதனால்தான் கோபியில் சோறு ஆறுகிறது. (அவ்வளவு ஒழுங்காக ஏன் தொடங்கியது என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட விடை இதுவரை இல்லை.)

அண்டமே ஆறிக்கொண்டிருக்கும் சோறுதான். அதற்கு 3,80,000 வயதானபோது சூடு சுமார் 2,700 டிகிரி செல்சியஸ். அப்போது கிளம்பிய ஒளி இன்னும் எல்லாத் திசையிலிருந்தும் நம்மிடம் வந்துகொண்டே இருக்கிறது, மைனஸ் 270 டிகிரிக்கு ஆறிப்போய். 1964-ல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் தங்கள் ரேடியோ ஆன்டெனாவில் ஓயாமல் கேட்ட இரைச்சலுக்குப் புறா எச்சம்தான் காரணமோ என்று சந்தேகப்பட்டு, எல்லாவற்றையும் சுரண்டித் துடைத்தார்கள். இரைச்சல் போகவில்லை. அதுதான் அந்தப் பழைய ஒளி. 1978-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

எந்த இடத்தில் வெடித்தது என்று கேட்டீர்கள். வெடிப்பு என்ற பேர்தான் ஆளை ஏமாற்றுகிறது. 1949-ல் வானொலியில் அந்தப் பேரை முதலில் சொன்ன வானியலாளர் ஃபிரெட் ஹாயிலுக்கே அந்தக் கொள்கையில் நம்பிக்கை கிடையாது. நான் திருப்பூர் பனியனை வைத்துத்தான் வகுப்பில் சொல்வேன். புள்ளி போட்ட பனியன் ஒன்று. போட்டிருப்பவருக்கு வருஷா வருஷம் தொப்பை வளர்கிறது. துணி இழுபட இழுபட ஒவ்வொரு புள்ளியும் மற்ற எல்லாப் புள்ளியையும் விட்டு விலகும். எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் மற்றவை நம்மைவிட்டு ஓடுவதாகத் தெரியும். விண்மீன் கூட்டங்கள் அப்படி விலகுவதை 1929-ல் ஹபிள் காட்டினார். நடுப்புள்ளி என்று ஒன்று கிடையாது. நீங்கள் உட்கார்ந்து கடிதம் எழுதிய திண்ணையிலும்தான் அது நடந்தது. பனியனுக்கு ஓரம் உண்டு, அண்டத்துக்கு அப்படி ஓரம் எதுவும் தெரியவில்லை. உவமையை அந்த அளவில் விட்டுவிடுங்கள்.

அதற்கு முன்னால்? இந்தக் கேள்வி 1,600 வருஷத்துக்கு முன்பே அகஸ்டீன் என்ற பாதிரியாரிடம் வந்தது. உலகைப் படைக்கும் முன் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டார்கள். ‘இப்படிக் கேட்பவர்களுக்காக நரகம் கட்டிக்கொண்டிருந்தார்’ என்று ஒரு வேடிக்கைப் பதில் உண்டு, நான் அதைச் சொல்லமாட்டேன் என்று எழுதிவிட்டு, உலகோடு சேர்ந்துதான் காலமும் பிறந்தது, அதற்கு ‘முன்’ என்பதே கிடையாது என்றார் அவர். ஸ்டீஃபன் ஹாக்கிங் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்: தென்துருவத்தில் நின்றுகொண்டு இன்னும் தெற்கே எது என்று கேட்பது போல. வேறு சிலர், முன்பு ஓர் அண்டம் சுருங்கி அதிலிருந்து இது விரிந்தது என்று கணக்குப் போடுகிறார்கள். எனக்கு ஹாக்கிங் பதில் பிடிக்கும். ஆனால் பிடித்திருப்பது வேறு, நிரூபணம் வேறு.

அவரை ஒருமுறை ஊட்டிக்கு அழைத்துப் போங்கள். அங்கே முத்தோரையில், கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-ல் அமைத்த ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. நீளம் 530 மீட்டர், அகலம் 30. அந்த இடத்தின் அட்சரேகை 11 டிகிரி. மலைச்சரிவும் அதே 11 டிகிரி. அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. விண்மீன்களோடு மெல்லத் திரும்பினால் போதும். தூரத்து ரேடியோ மூலங்களை (வானத்தில் ரேடியோ அலை வீசும் பொருள்களை) நிலா மறைக்கும் நொடியைப் பிடித்து அவற்றின் அளவைக் கணித்தார்கள். தூரத்தில் பார்ப்பது என்றால் பழைய காலத்தைப் பார்ப்பது. அந்தக் காலத்து மூலங்கள் இன்றைய மாதிரி இல்லை. அண்டம் என்றும் ஒரே போல் இருக்கிறது என்ற ஹாயில் கட்சிக்கு, 1970-களில் நம் மலையிலிருந்தும் ஓர் அடி விழுந்தது.

சாப்பாட்டு விஷயத்துக்கு என் யோசனை: ஒரு மணிக்குத் தட்டில் போட்டு வைத்துவிட்டு நீங்கள் சூடாகச் சாப்பிடுங்கள். சூடு பண்ணினால் போச்சு என்பார். பண்ணலாம், எரிவாயு செலவாகும். இயற்பியல் போடுகிற அபராதம் அது. அடுப்பை அவரே பற்ற வைக்கட்டும்.

ஊட்டிக்கு மலை ரயிலிலேயே போங்கள். 46 கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரம் போல ஆகும். நேரம் நீளுவதை அவர் நேரிலேயே பார்த்துக்கொள்வார். மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணி வாக்கில் கிளம்பிவிடும். அவரிடம் ஆறு என்றே சொல்லி வையுங்கள்.